வாட்ச்மேன் கண்ணயரும் நேரம்

“மாமா, பகல் பூரா தோணாததெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு மட்டும் ஏன் தோணுது?”

கேட்டவன் என் அக்கா மகன். அமெரிக்காக்காரர்கள் ஆபீஸ் போகிற நேரத்தில் மதுரையில் உட்கார்ந்து அவர்களுடைய கம்ப்யூட்டர் கோளாறுகளைக் கேட்டுச் சரிசெய்வது அவன் வேலை. நான் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவன். காலையில் அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்கள் முந்தின ராத்திரிதான் வந்து சேரும் என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம். விடிந்தால் இருவருக்கும் தெருமுனை டீக்கடைதான் கதி.

அவனுக்கு என்ன தோன்றியதாம்? எறும்பு தூங்குமா? ஏழாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் வாங்கிய காம்பஸைத் திருப்பிக் கொடுத்தோமா? இந்த வேலையை இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டுக் காளான் வளர்க்கப் போனால் என்ன? எல்லாம் ஒரே போன் காலில், யாரோ ஒரு அம்மாவின் பிரிண்டர் ஏன் பேப்பரைக் கடிக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போதே.

“மண்டையில ஏதும் கோளாறா மாமா?”

“ஒரு கோளாறும் இல்ல மாப்ள. டீயைக் குடி, சொல்றேன்.”

எறும்பு தூங்கும். அதை முதலில் சொல்லி முடித்துவிடலாம். நெருப்பெறும்புகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. வேலைக்கார எறும்பு ஒரு நாளில் ஏறத்தாழ 250 தடவை, தடவைக்கு ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் கண்ணசருகிறதாம். ராணி எறும்பு இன்னும் சொகுசாகத் தூங்குகிறது. காம்பஸ் விவகாரம் அவனும் அந்தப் பையனும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது. எனக்குச் சொல்ல வேண்டியது, இவை ஏன் அந்த நேரத்தில் வந்தன என்பதுதான்.

ராத்திரி நமக்குத் தோன்றுவதில் பாதி, வெளியே உண்மையிலேயே ஏதோ மாறியிருப்பதால் தோன்றுவது. கூடல்நகர் பக்கம் கூட்ஸ் வண்டி ஊதுவது பகலில் எங்கள் தெருவுக்குக் கேட்கவே கேட்காது. நடுச்சாமத்தில் அதே வண்டி வாசலில் வந்து நிற்பதுபோல ஊதும். தண்டவாளத்தை யாரும் நகர்த்தவில்லை, மாறியிருப்பது காற்று. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். பகலில் தரை கொதிக்கிறது, தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே போகப் போகக் குறைவு. அதனால் ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடும். கீழே குளிர்ந்த காற்று, மேலே அதைவிடச் சூடான காற்று. இப்போது ஒலி கீழ்நோக்கி வளையும். பஸ்ஸும் ஆட்டோவும் மிக்ஸியும் அடங்கிவிட்ட நேரம் என்பதும் சேர்ந்துகொள்ளும். “ரயில் கிட்ட வந்துடுச்சோ?” என்று ராத்திரி தோன்றினால் அது கிறுக்குத்தனம் இல்லை, காது சரியாக வேலை செய்கிறது.

மீதிப் பாதி உள்ளே நடப்பது. 1729இல் ழான்-ஜாக் டி மெய்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் கொண்டுபோய் வைத்தார். வெளிச்சமே படாத இடத்திலும் அது பகல் நேரத்தில் இலை விரித்து, ராத்திரி நேரத்தில் மூடிக்கொண்டது. சூரியனைப் பார்த்து அது நேரம் தெரிந்துகொள்ளவில்லை, உள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயங்களில் அது ஒன்று. அந்தக் கடிகாரத்தின் பற்சக்கரங்களை மரபணு அளவில் பிரித்துக் காட்டியதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர்கள் பிரித்துப் பார்த்தது பழ ஈயின் கடிகாரத்தை. நமக்கு அது மூளைக்கு அடியில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது: ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து. ராத்திரி தூங்குகிற ஆளுக்கு விடிகாலை நான்கு, ஐந்து மணி வாக்கில் உடல்சூடு ஆகக் குறைந்த இடத்துக்கு வருவது இதன் ஏற்பாடுதான்.

“நான்தான் பல மாசமா ராத்திரி வேலை பாக்குறேனே, என் கடிகாரம் மாறியிருக்காதா?”

நல்ல கேள்வி. பெரும்பாலும் முழுசாக மாறாது. அந்தக் கொத்துக்கு நேரம் சொல்வது கண்ணில் விழும் வெளிச்சம். இவன் ஷிஃப்ட் முடிந்து காலை வெயில் முகத்தில் அடிக்க வண்டியோட்டி வருகிறான். “பகல் வந்துவிட்டது, எழுந்திரு” என்று அந்த வெயில் கடிகாரத்துக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது. இவனோ வீட்டுக்குப் போய்ப் படுக்கப்போகிறான்.

கடிகாரத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வேலை செய்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். நாம் குடிக்கிற டீயிலுள்ள காஃபின் அதைத் துளிகூடக் குறைப்பதில்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவே. பாதி காஃபின் உடம்பைவிட்டு வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், பதினொரு மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் டீ நாலு மணிக்கும் பாதி உள்ளேதான் இருக்கும். ஆக, ராத்திரி ரெண்டு மணிக்கு நாம் இருப்பது விசித்திரமான நிலை: கடிகாரம் படு என்கிறது, அடினோசின் படு என்கிறது, டீ மட்டும் விடமாட்டேன் என்கிறது.

இந்த இழுபறியில் முதலில் சோர்ந்துபோவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. கவனத்தை ஒரே இடத்தில் பிடித்துவைப்பதும், சம்பந்தமில்லாததை ஒதுக்குவதும், “இப்ப இது தேவையா?” என்று கேட்பதும் அதன் பொறுப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் வாட்ச்மேன் இருக்கிறாரே, அதுபோல. பகலில் ஈ நுழைந்தாலும் “யாரப் பாக்கணும்? எந்த வீடு?” என்று நோட்டில் எழுதச் சொல்லுவார். ரெண்டு மணிக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் தலை தொங்கிவிடும். அப்போது உள்ளே வருகிறவர்கள் யாரும் அன்றைக்குப் புதிதாகக் கிளம்பி வந்தவர்கள் இல்லை. பகல் முழுவதும் வாசலில் நின்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தாம். காம்பஸும் எறும்பும் காளானும் அந்த வரிசையில் நின்றவையே.

மூளை சும்மா இருப்பதாக நாம் நினைக்கும்போது அது சும்மா இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்கஸ் ரைக்கலும் அவருடைய சகாக்களும் 2001இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவலாகத் தெரியவந்தது. கையில் வேலை இல்லாதபோது மூளையின் சில பகுதிகள் சேர்ந்து சுறுசுறுப்பாகின்றன. பழைய நினைவு, நாளைக்கு என்ன, அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பவைதான் அவற்றின் பாடத்திட்டம். பிரிண்டர் பிரச்சினை மனப்பாடமாகிவிட்டவனுக்கு அந்த போன் கால் ஒரு வேலையே இல்லை. வாய் பேசும், மனசு ஏழாம் வகுப்புக்குப் போய்விடும்.

சரி, வாட்ச்மேன் தூங்கினால் நஷ்டம் மட்டும்தானா? 2011இல் மரைக்கே வீத், ரோஸ் ஸாக்ஸ் என்ற இருவர் மாணவர்களுக்கு இரண்டு வகைக் கணக்குகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று, படிப்படியாகப் போட்டு முடிக்கிற கணக்கு. மற்றது விடுகதை மாதிரி. போகிற வழியை விட்டுவிட்டு வேறு பக்கமாகப் பார்த்தால்தான் சட்டென்று விடை தெரியும். விடுகதை வகையை மாணவர்கள் தங்களுக்குச் சரிப்படாத நேரத்தில் நன்றாகப் போட்டார்கள்: காலையில் தெளிவாக இருப்பவர்கள் மாலையில், ராக்கோழிகள் காலையில். வாட்ச்மேன் கெடுபிடி குறைந்தால் சம்பந்தமில்லாத இரண்டு பேர் மாடிப்படியில் சந்தித்துப் பேசிக்கொள்ள வாய்ப்பு உண்டு என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு இனிமேல் ராத்திரிதான் யோசிப்பேன் என்று கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அந்த ஆய்வில் மாணவர்கள் அசந்த நேரத்தில் இருந்தார்கள், ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் செத்துப்போய் உட்கார்ந்திருக்கவில்லை.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஓட்டோ லூவி. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துப் பேராசிரியர். நரம்பு இதயத்துக்குக் கட்டளை அனுப்புகிறதே, அது மின்சாரமாகப் போய்ச் சேருகிறதா, ஏதாவது ரசாயனம் மூலமாகவா என்று அந்தக் காலத்தில் பெரிய வழக்கு. ரசாயனமாக இருக்கலாம் என்று லூவிக்கு 1903 வாக்கிலேயே தோன்றியிருந்தது. நிரூபிக்க வழி தெரியாமல் விட்டுவிட்டார். பல வருஷம் கழித்து, ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தின ராத்திரி, தூக்கத்திலிருந்து விழித்து ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ கிறுக்கிவிட்டுத் திரும்பப் படுத்தார். காலையில் எடுத்துப் பார்த்தால் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க மனிதர் என்ன பாடு பட்டிருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. மறுநாள் ராத்திரி மூன்று மணிக்கு அதே யோசனை திரும்ப வந்தது. இந்தத் தடவை காகிதத்தை நம்பவில்லை, எழுந்து நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போய்விட்டார்.

சோதனை ரொம்ப எளிது. உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருக்கும் இரண்டு தவளை இதயங்கள். ஒன்றில் வேகஸ் நரம்பு ஒட்டியிருக்கிறது, மற்றதில் நரம்பே இல்லை. முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அதைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து இரண்டாம் இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் மெதுவானது! கட்டளை கரைசலில் கரைந்து வந்திருக்கிறது. 1921இல் இது வெளியானது, பின்னால் அந்தப் பொருள் அசெட்டைல்கோலின் என்று தெரிந்தது, 1936இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் வாங்கினார். கதையில் பலரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று உண்டு. பகலில் உட்கார்ந்து நிதானமாக யோசித்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்யாமலேயே தள்ளியிருப்பேன் என்ற பொருளில் லூவியே பின்னால் எழுதியிருக்கிறார். நரம்பு முனையில் ரசாயனம் சுரந்தாலும், கரைசலில் கலந்து இன்னொரு இதயத்தைப் பாதிக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கும் என்று எந்தப் பகுத்தறிவாளரும் எதிர்பார்க்கமாட்டார். ராத்திரி மூன்று மணிக்கு அந்தத் தடையைச் சொல்ல வாசலில் ஆள் இல்லை.

“அப்ப காளான் ஐடியாவும் நோபல் வாங்குமா மாமா?”

“இருடா. லூவி அந்த விஷயத்தைப் பதினேழு வருஷமா மனசுல போட்டு ஊறவச்சிருந்தாரு. நீ காளானை யூட்யூப்ல பாத்து எத்தனை நாளாச்சு?”

பதில் வரவில்லை. வடை எடுத்துக்கொண்டான்.

தூங்கியும் தூங்காமலும் இருக்கிற அந்த விளிம்பை வேண்டுமென்றே பயன்படுத்தியவர்களும் உண்டு. ஓவியர் சால்வடார் டாலி நாற்காலியில் சாய்ந்து, கையில் கனமான சாவியொன்றைப் பிடித்துக்கொண்டு, கீழே ஒரு தட்டை வைத்துக்கொள்வது தன் வழக்கம் என்று 1948இல் எழுதினார். கண்ணயர்ந்ததும் பிடி தளரும், சாவி தட்டில் விழும், விழித்துக்கொள்வார். எடிசன் உலோக உருண்டைகளை வைத்து இதையே செய்தார் என்பார்கள். பாரிஸில் டெல்ஃபின் உதியெத்தின் குழு இதை 2021இல் சோதித்துப் பார்த்தது. மறைந்த குறுக்குவழி ஒன்று உள்ள எண் கணக்கைக் கொடுத்தார்கள். நடுவில் 20 நிமிஷம் ஓய்வு, கையில் ஒரு கோப்பை. அந்த ஓய்வில் தூக்கத்தின் முதல் படியில் 15 விநாடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் அது சுமார் 30 சதவீதம். அதைவிட முக்கியம், முதல் படியைத் தாண்டி நன்றாகத் தூங்கிப்போனவர்களில் 14 சதவீதம்தான். விளிம்பில் நின்றால்தான் லாபம், உள்ளே விழுந்தால் போச்சு.

என் தொழிலில் ராத்திரிக்கென்றே ஒரு தனித் தொந்தரவு உண்டு. ‘பற்றற்ற’ என்று ஒரு சொல். தத்துவப் புத்தகம், பக்கத்துக்கு நாலு இடத்தில் அது வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒற்றைச் சரிபார்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது சொல்லாகவே தெரியாது. நாலு ற, ரெண்டு புள்ளி, யாரோ வேலிக்குக் கம்பி வளைத்து நட்டதுபோல. இது தமிழா, இப்படித்தான் எழுதுவார்களா என்று சந்தேகம் வந்துவிடும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அகராதியை எடுக்கத் தோன்றும். இதற்கும் ஆய்வு இருக்கிறது. கிரிஸ் மூலின், அகிரா ஓ’கானர் முதலியோர் மாணவர்களை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதவைத்தார்கள். ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஒரு தடவையாவது, சொல் அந்நியமாகிவிட்டது, விசித்திரமாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்தினார்கள். சிரிக்கவைத்துவிட்டு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் 2023இல் இதற்குக் கிடைத்தது. மூளை ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி வரும்போது, “போதும், வெளியே வா” என்று தட்டி எழுப்பும் வேலையை இந்த அந்நிய உணர்வு செய்கிறது என்பது அவர்கள் கருத்து. எனக்கு அது சரியென்றே படுகிறது. ‘பற்றற்ற’ வேலிக்கம்பியாகத் தெரிந்தால் அதற்குமேல் நான் பக்கம் புரட்டுவதில்லை. எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வருவேன்.

இனி இருட்டான பக்கம். ராத்திரி வருகிற யோசனைகளில் வேடிக்கை கொஞ்சம், கவலை அதிகம். கடன், அப்பாவின் சுகர், நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் கல்யாண வீட்டில் சொன்ன ஒரு வார்த்தை. பகலில் கடுகளவு இருந்தது ராத்திரி பூசணி ஆகிவிடும். 2007இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு ராத்திரி தூங்காமல் இருந்தவர்களுக்கு மனதைச் சங்கடப்படுத்தும் படங்களைக் காட்டினார்கள். பயத்தையும் கலக்கத்தையும் கிளப்புகிற அமிக்டலா என்ற பகுதி, தூங்கி எழுந்தவர்களைவிட 60 சதவீதம் கூடுதலாகப் பொங்கியது. அதை அடக்கிவைக்க வேண்டிய நெற்றிப்பகுதியோடு அதற்கு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. அதே வாட்ச்மேன்தான். நல்ல யோசனைக்குக் கதவைத் திறந்துவிட்டவர், பயத்துக்கும் திறந்துவிடுகிறார். ஆள் பார்த்து விட அவருக்கு அப்போது தெம்பு இல்லை.

அதனால்தான் ராத்திரி எடுக்கிற முடிவு எதையும் நான் நம்புவதில்லை. 1997இல் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவருடைய நிதானத்துக்குச் சமம். நம் நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டி வண்டியோட்டினால் குற்றம். காலை ஒன்பதுக்கு எழுந்தவன் ராத்திரி ரெண்டுக்கு ராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்கிறான் என்றால், போதையில் தட்டச்சு செய்கிறான் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எழுதட்டும், அனுப்பும் பொத்தானை மட்டும் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளிவைக்கட்டும்.

கவலைகளை என்ன செய்வது என்பதற்கு ஒரு சின்ன வைத்தியம் உண்டு. முடிக்காத வேலை முடித்த வேலையைவிட நினைவில் உரக்க நிற்கும் என்று ப்ளூமா ஸைகார்னிக் 1927இலேயே எழுதினார். அப்படியே எல்லோரிடமும் அது மெய்ப்படவில்லை என்று பின்னால் விவாதம் நடந்தது, நடக்கட்டும். 2018இல் மைக்கேல் ஸ்கல்லினின் குழு 57 இளைஞர்களைப் படுக்கப்போகுமுன் ஐந்து நிமிஷம் எழுதச் சொன்னது. பாதிப் பேர் அன்றைக்கு முடித்த வேலைகளை, மீதிப் பேர் இனிமேல் செய்ய வேண்டியவற்றை. செய்ய வேண்டியதை எழுதினவர்கள் சராசரியாக 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். ‘பேங்க்’ என்று எழுதினால் போதாது. எந்தக் கிளை, எந்தத் தாளை எடுத்துப் போக வேண்டும் என்று எழுத வேண்டும்.

இதைச் சொன்னதும் மாப்பிள்ளை போனை எடுத்து நீட்டினான். அவனும் எழுதித்தான் வைத்திருக்கிறான். நேற்று 2:47க்கு எழுதியது: ‘தேங்கா 3 கண் ஏன்’. அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு முன்னால் ஏதாவது கொறித்துக்கொண்டிருந்தானோ என்னவோ.

விடை இருக்கிற கேள்விதான் அது. தென்னம்பூவின் சூலகம் மூன்று அறைகள் சேர்ந்து ஆனது. மூன்றில் ஒன்றுதான் கருவாகி வளர்கிறது, மற்ற இரண்டும் நின்றுபோகின்றன. ஓட்டின்மேல் தெரியும் மூன்று கண்களும் அந்த மூன்று அறைகளின் அடையாளம். இரண்டு கல்மாதிரி இறுகியிருக்கும்; ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும், முளை வெளியே வருவது அந்த வழியாகத்தான்.

“எது மெத்துன்னு இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“குடுமியைப் பிச்சுட்டு ஒரு ஆணியால ஒவ்வொண்ணாக் குத்திப் பாரு. உங்க அம்மா சட்னிக்குத் தேங்கா உடைக்கிறதுக்குள்ள போ.”

அவன் போன பிறகு டீ மாஸ்டர் பாய்லர் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். “சார், அப்ப பனங்கொட்டைக்கு?” என்றார்.